ட்ரிங்கோல (திருகோணமலையில) அலுமினியத் தகடு மடிக்கக் குடுக்கிறதெண்டா இங்க குடுங்க

கண்டி வீதியில இருந்து உள்ளுக்க போற ஒரு ஒழுங்கையில இருக்கிற சின்னப் பட்டறை இது, போர்ட் ஒண்டும் இல்ல, கிரைண்டர் சத்தத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கோணும். போட்டில வைக்கிற ஐஸ் பெட்டிக்கு உள்தகடு அடிக்கக் குடுத்தனான், 2 மில்லிமீற்றர் அலுமினியம். ஜீஐ தகடு, அதான் நாகம் பூசின இரும்புத் தகடு, எங்கட உப்புக்காத்துக்கு எவ்வளவு காலம் நிக்கும் எண்டு போட் வச்சிருக்கிற ஆக்களிட்ட கேட்டாத் தெரியும்.

அளவு எழுதின பேப்பரக் குடுத்தா மற்ற இடங்கள்ல உடன டேப்ப எடுத்து கீறத் தொடங்கிருவினம். இந்த அண்ணா முதல்ல தகட்ட வெளிச்சத்தில சரிச்சுப் பாத்தார், “தம்பி, கோடு நீளத்துக்கு ஓடுது, உங்கட பெட்டி நாலு பக்கமும் மடியுது, ரெண்டு மடிப்பு கோட்டுக்குக் குறுக்க விழும், மற்ற ரெண்டும் கோட்டோட விழும், அதுதான் வெடிக்கும்” எண்டார். எனக்கு அதிலயே ஆளில நம்பிக்கை வந்திட்டு.

விஷயம் என்னெண்டா ஃபேக்டரியில உருளைக்கு இடையில விட்டு நசுக்கி நசுக்கித்தான் தகடு வருது, அப்ப உள்ளுக்க இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்ன உலோக மணிகள் எல்லாம் உருட்டின பக்கத்துக்கு நீண்டு ஒரு ஒழுங்கில படுத்திரும், அண்ணா சொன்ன கோடு அந்தப் பக்கத்தத்தான் காட்டுது. பிறகு அந்தத் தகடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடாது, நீளத்துக்கு இழுத்தா ஒரு அளவு விசையில விட்டுக்குடுக்கும், குறுக்க இழுத்தா வேற அளவில, 45 பாகையில இன்னொண்டு, ஏறக்குறைய விறகு பிளக்கிற மாதிரி. கடினமான பதத்தில வாற தகட்டில மடிப்புக்கோடு உருட்டின பக்கத்தோட சேந்து ஓடினா வெளிப்பக்கம் கீறல் விழுற சான்ஸ் கூட.

உலோகம் எவ்வளவு விசையில விட்டுக்குடுக்கும் எண்டு 1913ல வான் மீசஸ் எண்ட அறிஞர் குடுத்த கணக்கு எல்லாத் திசையும் ஒண்டு எண்டு எடுக்கிறது, தகட்டுக்கு அது காணாது. 1948ல ரொட்னி ஹில் எண்ட இங்கிலாந்துக்காரர்தான் திசைக்குத் திசை மாறுறதயும் சேத்து ஒரு சமன்பாடு போட்டவர். ஒரு துண்ட இழுக்கேக்க அகலம் எவ்வளவு குறையுது, தடிப்பு எவ்வளவு குறையுது எண்டு விகிதத்தில பாத்து, அகலக் குறைவ தடிப்புக் குறைவால பிரிச்சா வாறது ஆர் மதிப்பு. ஆழமா அமத்தி எடுக்கிற இரும்புத் தகட்டில அது 1க்கு மேல, அலுமினியத்தில அநேகமா 1க்குக் கீழ, அதால அலுமினியம் இழுபடேக்க சுருக்கா மெலியும். ஹில்லின்ட சமன்பாடு இரும்புக்கு நல்லாப் பொருந்தும், அலுமினியத்துக்கு உதைக்கும், அதுக்குத்தான் 1979ல ஹொஸ்ஃபோர்டும் 1989ல பார்லாவும் வேற சமன்பாடுகள் கொண்டு வந்தது. கார் கம்பனிகள் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கிற விஷயத்த இந்த அண்ணா ரெண்டு துண்டு வெட்டி வைஸ்ல மடிச்சுப் பாத்து முடிக்கிறார். குறுக்க மடிச்ச துண்டு வழுவழு எண்டு வந்திச்சு, மற்றதில முதுகில மெல்லிசா வெடிப்பு, கையால தடவினாலே தெரியுது.

ரெண்டு வழி சொன்னார். ஒண்டு, தகட்ட 45 பாகை சரிச்சு வெட்டுறது, நாலு மடிப்புக்கும் ஒரே நிலை, ஆனா மூலைமூலையாக் கழிவு போகும், அந்தக் காசும் எங்கட தலையில. மற்றது, மடிப்பு வளைவக் கொஞ்சம் பெருசா எடுக்கிறது. நான் ரெண்டாவதுக்கு ஓம் எண்டன், ஐஸ் பெட்டிக்கு மூலை வட்டமா இருந்தாக் கழுவவும் லேசு. மடிச்சு விட்டாப் பிறகு தகடு கொஞ்சம் நிமிருமே, அதுவும் பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசமாம், அதால ரெண்டு பக்கத்துக்கும் மெஷின வேற வேறயா செட் பண்ணினார். நாலு மூலையும் மட்டம் வச்சுப் பாத்தன், குறை சொல்ல இடமில்ல.

இனிக் குறையள். சொன்ன நாளில கிடைக்காது, போன் எடுக்கவும் மாட்டார், நேர போய் நிண்டாத்தான் வேலை நகரும். கூலி ரவுனுக்க மற்ற இடங்கள விடக் கூட. பினிஷிங்கும் அவ்வளவு வடிவில்ல, ஓரம் கையக் கிழிக்கிற மாதிரி இருந்திச்சு, அரம் போட்டுத் தரச் சொல்லிக் கேக்கோணும், கேட்டா முகம் சுளிக்காமச் செய்வார். சும்மா பீலி, புகைக்கூடு மாதிரி மெல்லிசு வேலைக்கு இவ்வளவு தூரம் மெனக்கெடத் தேவையில்ல, கிட்ட இருக்கிற எந்தக் கடையும் காணும். தடிப்பான அலுமினியம், ஆடிக்கொண்டு நிக்கிற சாமான் எண்டா இவரிட்டக் குடுங்க, தகட்ட நீங்களா வெட்டிக்கொண்டு போகாம முழு சீட்டாக் கொண்டு போங்க, வெட்டின துண்டெண்டா கோடு பாக்கிறது கஷ்டமாம். காசு கையிலதான், கார்ட் எடுக்கிறதில்ல.