கலோரிக் கணக்கா, தட்டுக் கணக்கா, கடிகாரக் கணக்கா?

வாணலியை அடுப்பில் ஏற்றும் முன் சமையல் தராசில் வைத்தேன். எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, எப்போதும் ஊற்றும் அதே கைப்பழக்கத்தில் எண்ணெய் ஊற்றினேன். 31 கிராம் காட்டியது. பல வருஷமாக அதை ‘ரெண்டு டீஸ்பூன்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு டீஸ்பூன் எண்ணெய் என்றால் சுமார் 80 கலோரி. 31 கிராம் என்றால் 280 வந்துவிடுகிறது. ஒரே ஆளுக்கான சமையலில், ஒரே வேளையில், 200 கலோரி கண்ணில் படாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எடை குறைக்க வழி தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று முறைகளுக்கு நடுவே அலைகிறார்கள். சாப்பிடுவதை எல்லாம் எழுதிக் கூட்டும் கலோரிக் கணக்கு, தட்டைப் பங்கு பிரித்து நிரப்புவது, குறிப்பிட்ட மணிநேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவது. மூன்றையும் மாதக்கணக்கில் கடைப்பிடித்துப் பார்த்தவன் என்பதால் என் பக்கச்சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலோரிக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆனால் அதிலேயே குடியிருக்கக் கூடாது.

கற்றுக்கொள்ளச் சொல்வதற்கு அந்த எண்ணெய்தான் காரணம். வேறு எந்த முறையும் அதை எனக்குக் காட்டியிருக்காது. கொறிக்கும் கடலை, குடிக்கும் பழச்சாறு, சமைக்கும்போது வாயில் போட்டுக்கொள்வது என்று நாம் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காத எல்லாமே தராசும் நோட்டும் வந்ததும் வெளியே வந்துவிடும். எந்த உணவையும் விலக்கத் தேவையில்லை என்பது இன்னொரு நிம்மதி.

சரி, அந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்ற கணக்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அது சராசரிதான் என்பதால் சில உணவுகளில் தடுமாறும். பாதாமை மென்று விழுங்கும்போது கொழுப்பில் ஒரு பகுதி செல்சுவருக்குள்ளேயே சிக்கி, செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட அளவீட்டின்படி 28 கிராம் பாதாமில் உடலுக்குக் கிடைப்பது 129 கலோரி. பழைய கணக்கில் அது 170 அளவுக்கு இருந்தது.

இதைவிடப் பெரிய பிழை நம் கையில் இருக்கிறது. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1992இல் வெளியானது. அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. என் ‘ரெண்டு டீஸ்பூனும்’ அப்படித்தானே இருந்தது? தராசு இல்லாமல் கண்ணளவில் எழுதும் கலோரிக் கணக்கு, உழைப்பைத்தான் வாங்குமே தவிர உண்மையைத் தராது.

தட்டு முறையில் இந்தச் சுமையே இல்லை. பாதித் தட்டு காய்கறி, பழம். கால் பங்கு புரதம். மீதிக் கால் பங்கு முழுதானியம். விருந்துக்குப் போன இடத்திலும் செய்யலாம், போன் தேவையில்லை, பத்து வருஷம் ஆனாலும் அலுக்காது. அதன் ஓட்டை, எண்ணெயும் பானமும் தட்டில் தெரியாது என்பதுதான். அதனால்தான் கலோரிக் கணக்கு பார்த்துப் பழகியவரிடம் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. நேராக இதில் இறங்கியவர் ‘எல்லாம் சரியாத்தான் சாப்பிடுறேன், எடை அசையலையே’ என்று குழம்புகிறார்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கும் தனி எடை உண்டு. 2019இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கலோரி நோட்டு இந்தப் பசியைப் பதிவு செய்யுமே தவிர, அடக்காது.

கடிகார முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் ஒரே கலோரி வரம்பு. பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டார்கள். ஓராண்டில் அவர்கள் 8 கிலோ இறங்கினார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல்படி அதைத் தனி வெற்றியாகக் கொள்ள முடியாது. ராத்திரி டிவி முன்னால் கை சும்மா இருக்காதவருக்கு ‘எட்டு மணிக்கு மேல் இல்லை’ என்ற ஒரே விதி நல்ல பலன் தரும். இன்சுலின் போன்ற சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

ஆகவே என் தேர்வு இது. முதல் மூன்று வாரம் தராசோடு கலோரிக் கணக்கு. அப்புறம் தட்டுக்கு மாறிவிடலாம். எடையைத் தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரியை மட்டும் குறித்தால் போதும், ஏனென்றால் உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஆட்டிவிடும். நாலு வாரம் சராசரி அசையாவிட்டால் மறுபடி நாலு நாள் கணக்கு. எடை இறங்க இறங்க உடலின் தேவையும் குறைவதால், முதல் மாதத்து வரம்பு ஆறாம் மாதத்தில் பொருந்தாது.

வளரும் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சாப்பாட்டோடு ஏற்கெனவே போராடி மீண்டவர்களுக்கும் கலோரிக் கணக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். என் தோழி ஒருத்தி ஒருநாள் இரவு பசியோடு ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைய வரம்பில் 40 கலோரிதான் மீதி இருந்ததாம். பாதியை வெட்டி, எடை போட்டு, அதையும் சாப்பிடாமல் வைத்துவிட்டாள். மறுவாரம் போனில் கலோரி எழுதிவந்த செயலியை அழித்தாள். தராசு இல்லாமல் ஒரு முழுப் பழத்தைச் சாப்பிட அவளுக்கு அதற்கப்புறம் இரண்டு மாதம் ஆயிற்று.