மூன்று வகைக் கணினிகள், ஒரே லாக் கோப்பு: யூவியோடு பழகிய அனுபவம்

எங்கள் குழுவின் பைதான் நிரல் விண்டோஸ் மடிக்கணினிகளிலும், இன்டெல் சில்லு உள்ள பழைய மேக் ஒன்றிலும், உபுண்டு சர்வரிலும் ஓட வேண்டும். ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் நின்றுவிடுவதும், லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு) பதிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காரணம் தேடுவதும் நெடுங்காலம் எங்கள் வேலை நேரத்தைத் தின்றன. லைப்ரரிகளை நிறுவி அவற்றின் பதிப்புகளை நிர்வகிக்கும் யூவி (uv) என்ற கருவிக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் முழுவதும் ஒழியவில்லை.

சிக்கலின் வேர் பைதானிலேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் அருகருகே இருந்துகொள்ளலாம். பைதானில் ஒரு சூழலுக்குள் (ஒரு திட்டத்துக்கான லைப்ரரிகள் நிறுவப்படும் இடம்) ஒரு பதிப்புக்குத்தான் இடம். பைதானின் வழக்கமான நிறுவல் கருவியான பிப்பின் 20.3 பதிப்பு 2020 நவம்பரில் வரும்வரை, முரண்பட்ட பதிப்புகளைக்கூட பிப் நிறுவிவிடும். அதன்பின் வந்த பிப் அப்படி நிறுவ மறுத்தது நல்ல மாற்றம்தான் என்றாலும், அது அந்த ஒரு கணினிக்கான தீர்வு மட்டுமே. தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பாண்டாஸ் என்று லைப்ரரியின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், இன்று நிறுவுபவருக்கு இன்றைய பதிப்பும் ஆறு மாதம் முன்பு நிறுவியவருக்கு அன்றைய பதிப்பும் கிடைக்கும். பிப் ஃப்ரீஸ் என்ற கட்டளை கொடுத்து எல்லாப் பதிப்புகளையும் உறைய வைத்தாலோ, விண்டோஸுக்கு மட்டுமே உரிய பைவின்32 போன்றவையும் பட்டியலில் ஏறிக்கொள்ள, சர்வரில் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

எண் கணக்கீட்டுக்கான நம்பை லைப்ரரியின், 2024 ஜூனில் வெளியான 2.0 பதிப்பு இந்தப் பலவீனத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பழைய நம்பைக்காகத் தொகுக்கப்பட்ட லைப்ரரிகள் புதியதோடு ஒத்துப்போகவில்லை. மேல்வரம்பு எழுதாத திட்டங்களிலோ, புதிதாக நிறுவிய கணினிகளில் 2.0 தானாகவே வந்து உட்கார்ந்தது. எங்களுக்கு இடித்த இடம் மேக். இன்டெல் மேக்குகளுக்கு, இயந்திரக் கற்றல் லைப்ரரியான பைடார்ச்சின் 2.2 வரிசைதான் கடைசி. அதுவும் நம்பை 1 காலத்தில் தொகுக்கப்பட்டது. நம்பை 2 இருக்கும் சூழலில் அதை இறக்குமதி செய்தால் முதலில் நீளமான எச்சரிக்கை ஒன்று வரும். பிறகு பைடார்ச்சின் டென்சரை (எண்களின் அடுக்கு) நம்பை அணியாக மாற்றும் வரியில், நம்பை நிறுவப்பட்டிருந்தும் ‘நம்பை இல்லை’ என்ற பிழைச்செய்தியோடு நிரல் நின்றுவிடும். ஆகவே எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பு என்ற கொள்கையே எங்களுக்குச் சாத்தியமில்லாமல் போனது. எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்பது ஒரே இடத்தில் எழுதப்பட்டு, எல்லோருக்கும் அதுவே செல்ல வேண்டும் என்பதே எங்கள் உண்மையான தேவை.

அஸ்ட்ரல் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட யூவி இதைச் செய்கிறது. இன்டெல் மேக் என்றால் பைடார்ச் 2.2, நம்பை 2-க்குக் கீழ் என்ற நிபந்தனையைத் திட்டக் கோப்பில் எழுதிவிட்டால், நிறுவ வேண்டிய பதிப்புகளை யூவி பதிந்துவைக்கும் லாக் கோப்பில் நம்பை இரண்டு முறை இடம்பெறும். ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்தக் கணினிக்குரியது என்ற குறிப்பும், பதிவிறக்கும் கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஷா-256 மதிப்பும் இருக்கும். யூவி சிங்க் என்ற கட்டளையைக் கொடுத்தால், தேவையான பைதான் பதிப்பையும் அதுவே கொண்டுவந்து, லாக்கில் இல்லாத லைப்ரரிகளைச் சூழலிலிருந்து நீக்கிவிடுகிறது. யாரோ அவசரத்துக்கு பிப் மூலம் நிறுவியது அடுத்த சிங்கில் காணாமல் போவது சிலருக்கு எரிச்சலூட்டியது. எனக்கு அதுவே இந்தக் கருவியின் மிகப் பெரிய நன்மையாகப் படுகிறது. பதிப்புகள் முரண்படும்போது எந்த லைப்ரரி எதைக் கேட்டதால் வழியடைந்தது என்று வாக்கியமாகவே சொல்லிவிடுவதால், தேடும் நேரமும் மிச்சம்.

குறைகளும் உண்டு. பைடார்ச் போன்றவை மூலத் தொகுப்பை (எந்தக் கணினியிலும் தொகுத்துக்கொள்ளத்தக்க மூல நிரல்) வெளியிடுவதில்லை என்பதால், மேக்குக்கான நிபந்தனையை எழுதாமல் விட்டால் லாக் கோப்பு சிக்கலின்றி உருவாகி, அந்த மேக்கில் நிறுவும்போதுதான் பொருத்தமான கோப்பு இல்லை என்று தெரியவரும். எந்தெந்தத் தளங்கள் கட்டாயம் என்று அறிவிக்கும் அமைப்பு ஒன்று யூவியில் இருக்கிறது. பல தளங்களில் வேலை செய்பவர்கள் அதை முதல் நாளே எழுதிவிட வேண்டும். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி போன்ற அடித்தளங்களில் யூவி கை வைப்பதில்லை. ஜிலிப்சி வேறுபாட்டுக்கு, நிரலை அதற்கான சூழலோடு சேர்த்துப் பொதிந்து ஓட்டும் டாக்கரே சரியான வழி. டிரைவரையோ சர்வரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். எச்டிஎஃப்5 போன்ற சி லைப்ரரிகளையும் சேர்த்து நிர்வகிக்க வேண்டுமென்றால் கோண்டா என்ற மற்றொரு நிறுவல் கருவி இன்னும் பொருத்தமானது.

லாக் கோப்பை, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் (Git) சேர்த்தே வைத்திருக்கிறோம். இரண்டு கிளைகள் அதில் மோதினால் கையால் திருத்துவதில்லை. திட்டக் கோப்பைச் சரிசெய்து, ஒரு பக்கத்து லாக்கை எடுத்துக்கொண்டு, யூவி லாக் என்ற கட்டளையை மீண்டும் ஓட்டுகிறோம். எல்லா லைப்ரரிகளையும் ஒரே மூச்சில் புதுப்பிக்காமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உயர்த்தி, லாக்கில் கூடவே மாறிய மற்ற வரிகளையும் படித்துப் பார்த்து, மூன்று தளங்களிலும் சோதனைகள் தேறிய பிறகே இணைக்கிறோம்.