கடைசி 6 விநாடி, 3 புள்ளி முன்னிலை: ஃபவுலா, தடுப்பா?

எதிரணி அரங்கில் கூடைப்பந்து பிளே-ஆஃப் ஆட்டம். முன்னிலை உங்களுக்கு, பந்து அவர்கள் கையில்.

ஃபவுல் செய்தால், போனஸில் இருக்கும் (உங்கள் ஃபவுல்கள் வரம்பைத் தாண்டிவிட்ட) எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ (தடுப்பின்றி எறியும் 1 புள்ளி வாய்ப்பு); மூன்று புள்ளி வாய்ப்பு அடைபடும். ஆனால் நேரம் தவறக்கூடாது. வீரர் கூடைக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கும்போதே பிடிக்க வேண்டும். எறியத் தொடங்கிவிட்டால் 3 ஃப்ரீ த்ரோ. பந்து எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே வருமுன் ஆளைப் பிடித்தால் இன்னும் மோசம்: அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் 1 ஃப்ரீ த்ரோவும் பந்தும் அவர்களுக்கே. 2 ஃப்ரீ த்ரோ கிடைத்தால் இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிடுவார்கள், ஆகவே ரீபவுண்டுக்கு (தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்க) உயரமானவர்கள் களத்தில் இருக்கட்டும். பிறகு அவர்கள் உங்களை ஃபவுல் செய்ய, நீங்கள் எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு அரங்கமே கூச்சலிடும்.

தடுப்பு என்றால் திரைகள் (எதிரணியினர் உடலால் வழிமறிப்பது) எல்லாவற்றிலும் ஆள் மாற்றி, மூன்று புள்ளிக் கோட்டை மட்டும் காக்க வேண்டும். இரைச்சலில் குரல் கேட்காது, கைச்சைகைதான். 2013 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் 6-வது ஆட்டத்தில், மயாமியில் 95-92 என முன்னிலையில் இருந்த சான் அன்டோனியோ தடுப்பையே நம்பியது. அதன் உயரமான வீரர் டங்கன் களத்துக்கு வெளியே. மயாமியின் லெப்ரான் தவறவிட்டதை அவரது அணியின் பாஷ் பிடித்துத் தர, 5.2 விநாடி மீதமிருக்க ரே ஆலன் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100.

6 விநாடிக்குள் என்றால் ஃபவுல்தான்; அதற்கு மேல் தடுப்பு.