பாம்புக் கூண்டின் தரைக்கு எது: காகிதமா, ஆஸ்பென் சீவலா, தேங்காய் மட்டையா?

பால் பைத்தான் (ball python) என்று பலரும் சொல்லும் பந்து மலைப்பாம்பு ஒன்றை நான்கு வருடங்களாக வளர்க்கிறேன். இதற்குள் அதன் கூண்டில் காகிதம், ஆஸ்பென் மரச்சீவல், தேங்காய் மட்டைத் துண்டுகள் மூன்றையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இப்போது இருப்பது மட்டைத் துண்டுதான். அதை மாற்றும் எண்ணமும் இல்லை. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேண்டாதவற்றை முதலில் தள்ளிவிடலாம். செடார் மரச்சீவல் கூடவே கூடாது. அதன் வாசனைக்குக் காரணமான எண்ணெய்கள் பாம்பின் மூச்சுப்பாதைக்கு ஆகாது. பதப்படுத்தாத பைன் சீவலிலும் இதே சிக்கல் உண்டு. உரமோ பூச்சிமருந்தோ கலந்த தொட்டிமண்ணும் வேண்டாம். மணல், பாலைவனப் பாம்புகள் சிலவற்றுக்குப் பொருந்தும். மலைப்பாம்புக்கு அது வறண்ட, தூசி பறக்கும் தரை மட்டுமே.

காகிதத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அழகே இல்லை, ஈரத்தைப் பிடிக்காது, பாம்பு புதைந்துகொள்ளவும் வழியில்லை. ஆனால் புதிதாக வந்த பாம்புக்கும் நோயுற்ற பாம்புக்கும் அதைவிட நல்லது கிடையாது. பாம்புப்பேன் குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. வெள்ளைக் காகிதத்தில்தான் கண்ணில் படும். கழிவு எப்படி இருக்கிறது என்பதும் உடனே தெரியும். எந்தப் பாம்பு வந்தாலும் முதல் இரண்டு மூன்று மாதம் காகிதத்தில் வைத்துக் கவனிப்பதே என் வழக்கம்.

சரி, உண்மையான போட்டி ஆஸ்பெனுக்கும் தேங்காய் மட்டைக்கும்தான்.

ஆஸ்பென் எடை குறைவு, வாசனை இல்லை, தூசி குறைவு. பாம்பு அதில் சுரங்கம் போட்டால் இடிந்து விழாமல் நிற்கும். கழிவு விழுந்த இடம் கட்டியாகிவிடும்; ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. கார்ன் பாம்பு, ஹாக்நோஸ் போன்று மிதமான ஈரம் போதும் என்னும் பாம்புகளுக்கு நான் தயங்காமல் ஆஸ்பெனைத்தான் சொல்வேன். ஈரப் பாசி வைத்த ஒரு மறைவிடத்தை உள்ளே வைத்துவிட்டால் சட்டை உரிக்கும் நாட்களுக்கு அது போதும்.

மலைப்பாம்புக்கு அது சரிப்படவில்லை. பந்து மலைப்பாம்புக்கு ஈரப்பதம் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் இருந்தால் நல்லது. ஆஸ்பென் போட்டிருந்தபோது என் கூண்டில் 45-ஐத் தாண்டவில்லை. சட்டை முழுதாக வராமல் துண்டு துண்டாக உரிந்தது. ஒரு கண்ணின் மேல்தோல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுக்கக் கூடாது, கண்ணே பாழாகும். ஈரப் பாசி நிரப்பிய மறைவிடம் வைத்துக் காத்திருந்தேன். அடுத்த முறை உரித்தபோது அந்தப் பழைய தோலும் புதிய தோலும் சேர்ந்து வந்தன. அந்த இடைப்பட்ட வாரங்களில் எனக்கு நிம்மதியே இல்லை.

அந்த நாட்களில் தினமும் தண்ணீர் தெளித்தும் பார்த்தேன். ஒரே வாரத்தில் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் சீவல் பூசணம் பூத்துவிட்டது. ஆஸ்பென் ஈரத்தைத் தேக்கி வைக்காது, தேங்கினால் அழுகும்.

தேங்காய் மட்டைத் துண்டுகள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பிவிட்டு, மேலே தெளிக்காமல் கூண்டின் மூலைகளில் தண்ணீர் ஊற்றுகிறேன். தண்ணீர் அடிக்கு இறங்கி, அங்கிருந்து மெல்ல ஆவியாகி மேலே வருகிறது. மேல்பரப்பு காய்ந்திருக்கும், இரண்டு விரல் ஆழத்தில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். பாம்பு நாள் முழுக்க வயிற்றால் அழுத்திப் படுத்திருக்கும் பிராணி. மேல்பரப்பே நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளம் கண்டு அழுகத் தொடங்கும். காற்றில் ஈரம், வயிற்றுக்கு அடியில் உலர்வு, இரண்டும் ஒன்றாக வேண்டும். இந்த ஒன்றுதான் என்னை மட்டைப் பக்கம் திருப்பியது. ஒரு முறை ஊற்றினால் ஐந்தாறு நாள் ஈரப்பதமானி பெரிதாக நகர்வதில்லை.

பார்வைக்கு இயற்கையாக இருப்பது என்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் இந்தப் பாம்பு பகல் பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. வெளிக்காற்று காய்ந்திருந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும். பழுப்பு நிறத் துண்டுகளின் மேல் காய்ந்த இலைகளைத் தூவினால் காட்டுத்தரை போலவே அழகாக இருக்கிறது. அதன் அடியில் வளைக்குள் இருக்கும் ஈரமும் கிடைக்கிறது. இலைகளை வெளியிலிருந்து எடுத்தால் அடுப்பில் மிதமான சூட்டில் வாட்டியோ சில நாள் உறையவைத்தோ பூச்சி போக்கிவிட்டுப் போடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. மட்டையில் உப்பு தங்கியிருக்கலாம். கழுவியது என்று தெரியாவிட்டால் இரண்டு முறை ஊறவைத்து வடித்துவிடுங்கள். செடிகளுக்கென உரம் சேர்த்தது கூடாது. நார்த்தூளை மட்டும் போட்டால் காய்ந்ததும் தூசியாகப் பறக்கும், பாம்பின் உதட்டோரக் குழிகளில் ஒட்டும். இரண்டு பங்கு துண்டு, ஒரு பங்கு தூள் என்ற கலவை எனக்கு ஒத்துவருகிறது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது. ஈரமான இரையில் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உணவைத் தட்டையான கல்லின் மேல் வைக்கிறேன்.

இன்னொன்று, இது பாதுகாப்பு சார்ந்தது. ஆழமான படுகைக்கு அடியில் வெப்பப் பாய் வைக்காதீர்கள். சூடு மேலே ஏறாமல் கண்ணாடியில் தேங்கும். பாம்பு தோண்டிக்கொண்டு அடிக்குப் போனால் வெந்துவிடும். மட்டைக்கு மாறியபோது நான் மேலிருந்து சூடு தரும் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டுடன் பொருத்திக்கொண்டேன். இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மட்டையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பழுப்புத் தரையில் பழுப்புக் கழிவு சட்டென்று தெரியாது, தேடி எடுக்க வேண்டும். நனைந்தால் நல்ல கனம். காற்றோட்டம் குறைந்தால் புளித்த வாடை வரும், சின்னஞ்சிறு ஈக்களும் வரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றிவிடுகிறேன்.

மண், செடி, கழிவைத் தின்னும் ஐசோபாட், ஸ்பிரிங்டெயில் எல்லாம் சேர்ந்த உயிருள்ள தரையை ஒரு சிறிய கூண்டில் ஐந்து மாதம் வைத்திருந்தேன். தீர்ப்புச் சொல்ல அது போதாது. வளர்ந்த மலைப்பாம்பின் கழிவு அந்தச் சிறு உயிர்களுக்குத் தாங்காததால் நான் அள்ளிக்கொண்டுதான் இருந்தேன். செடிகள் பாம்பின் எடையில் நசுங்கின. சைப்ரஸ் மரத்தூளை ஒரே ஒரு மூட்டை பயன்படுத்தியிருக்கிறேன். மட்டையைப் போலவே ஈரம் பிடித்தது, குறை எதுவும் கண்ணில் படவில்லை.

எதற்கு மாறினாலும் பாம்பை உடனே உள்ளே விடாதீர்கள். காலியான கூண்டில் தரையைப் பரப்பி, ஈரப்பதமானியின் முனையைப் பாம்பு படுக்கும் உயரத்தில் வைத்து, இரண்டு நாள் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் நிலைத்த பிறகு பாம்பை விடலாம்.