சிவிலைசேஷனா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸா, கிளாஷ் ஆஃப் கிளான்ஸா: பிள்ளைக்கு எது?

மூன்றுமே கணினியிலோ போனிலோ ஆடும் வியூக விளையாட்டுதான். ஆனால் பிள்ளையை யோசிக்கவைக்கும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு.

1999-இல் வந்து 2019-இல் புதுப்பிக்கப்பட்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்கு. உணவு சேர்த்துத் தரும் ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவு வேண்டும். முதல் யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு. அதைச் சேர்க்க ஆள் எடுப்பதை நிறுத்தினால் வரவு வளராது. எடுத்துக்கொண்டே போனால் யுகம் தள்ளிப்போகும். கையிருப்பா முதலீடா என்பதைப் பிள்ளை தோற்றுத் தோற்றே பிடித்துக்கொள்ளும். ஆட்டத்தின் பதிவை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், "எங்கடா கோட்டை விட்டே?" என்று கேட்க நல்ல வாய்ப்பு. 2022-இல் வந்த விரிவாக்கத்தில் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி) ராஜேந்திர சோழன் படையெடுப்புகளும் உண்டு. ஆனால் கடிகாரம் நிற்காது. பதற்றப்படும் பிள்ளை என்றால் வேகத்தைக் குறைத்து, கணினியை எதிர்த்து ஆடவிடுங்கள். முகம் தெரியாதவர்களோடு இப்போதைக்கு வேண்டாம்.

சிவிலைசேஷன் 6-இல் அந்த அவசரமே இல்லை. முறை வைத்து ஆடுவது. எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். 2019 விரிவாக்கத்தில் ஆற்றங்கரையில் ஊர் அமைத்தால் வெள்ளம் வந்து அழிக்கும், வண்டலையும் விட்டுப்போகும். நிலக்கரியை எரித்துத் தள்ளினால் பின்னாளில் கடல் ஏறி உங்கள் கரையையே விழுங்கும். இன்று செய்ததன் பலன் வெகுநேரம் கழித்து வருவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆட்டம் குறைவு. ஒரே கணினியில் நீங்களும் மாறி மாறி ஆடலாம். வரலாற்றை மட்டும் இதில் படிக்கவிடாதீர்கள்: கி.மு. 4000-இல் காந்தியும் கிளியோபாட்ராவும் அண்டை நாட்டுக்காரர்கள்! இன்னொன்று, "இன்னும் ஒரே ஒரு முறை" என்று இழுத்துக்கொண்டே போகும். நேரக் கணக்கை முன்பே பேசிவிடுங்கள்.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் இலவசம், போனிலேயே ஓடும். எதிரியின் கோட்டையைப் பார்த்துப் பலவீனம் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் போகப்போக ஒரு கட்டடத்தை மேம்படுத்தவே நாள்கணக்கில் ஆகும். காசு கொடுத்து ரத்தினம், அதாவது ஆட்டத்துக்குள் செல்லும் பணம், வாங்கினால் உடனே முடியும். பொறுமையைக் கற்றுத்தருகிறது என்பார்கள். பொறுமை இல்லாததற்கு விலை வைக்கிறது என்பேன்.

வாசிக்கப் பிடித்த பிள்ளைக்கு சிவிலைசேஷன், துறுதுறுப்பான பிள்ளைக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்பது என் கணக்கு. வீட்டில் போன் மட்டும்தானா? சரி, கிளாஷ் ஆடட்டும், ஆனால் முதலில் பணம் கட்டும் வழிக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள்.