மன்னார்குடிக் கணினி ஏன் பதில் சொல்லவில்லை: ஆறு ஆண்டுகள் ஓடிய ஒரு ஸ்கிரிப்ட்

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, எங்கள் உர, விதை விற்பனைக் கிளைகளில் நனைந்து பாழான கணினிகளுக்குப் பதிலாகக் கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்தார்கள். இருப்புப் பதிவேட்டில் ஒன்று இருக்கும், மேசைமேல் வேறொன்று இருக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவோ 2020 ஜனவரி 14-உடன் முடியவிருந்தது. கும்பகோணத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை எங்கே எது ஓடுகிறது என்று அறிய, 2019-இல் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன்; விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக, தானாகவே ஓட்டும் சிறு நிரல் அது.

வேலை எளிதுதான். கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் என்ற கட்டளையால், விண்டோஸ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் வின்32_ஆபரேட்டிங்சிஸ்டம் என்ற விவரத் தொகுப்பைக் கேட்டால் பெயர், பதிப்பு, பில்டு எண் (ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உள்ள அடையாள எண்) மூன்றும் வந்துவிடும். சாதாரண அலுவலகக் கணினிகளில் தொலைவிலிருந்து கேட்பதற்கான வின்ஆர்எம் என்ற வழி இயல்பாகத் திறந்திருப்பதில்லை என்பதால், டிகாம் என்ற பழைய வழியாகக் கேட்க வைத்தேன். அதற்கு ஃபயர்வாலில், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளில், அனுமதி வேண்டும். எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் எங்களிடம் கிடையாது; அதனால் கடவுச்சொல் சரியாக இருந்தும் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. தொலைவிலிருந்து நுழையும் உள்ளூர் நிர்வாகக் கணக்கின் அதிகாரத்தை விண்டோஸ் குறைத்துவிடும் என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் போயிற்று.

என்னை மிகவும் ஏமாற்றியது பிங், அதாவது ஒரு சிறு செய்தி அனுப்பிக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை. பதில் வராத கணினி அணைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகும்படி எழுதியிருந்தேன். மன்னார்குடியில் ஒரு கணினி பட்டியலில் வரவே இல்லை. நேரில் போனால், யூரியா மூட்டைகளுக்குப் பின்னால், தூசி படிந்த திரையோடு அது ஓடிக்கொண்டிருந்தது. "அதைத் தொட்டுவிடாதீர்கள் தம்பி, ரசீது அடிக்கும் பெட்டி அதுதான்" என்றார் கணக்கர். பில்டு 7601, அதாவது விண்டோஸ் 7. பிங்கை மட்டும் ஃபயர்வால் தடுத்திருந்தது. அன்றே பிங் சோதனையை நீக்கிவிட்டு, டிகாம் இணைப்பு முதலில் வந்து சேரும் வாசலான 135-ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும்படி மாற்றினேன். பதில் சொல்லாத கணினியின் பெயரையும், அது கடைசியாகப் பதில் தந்த தேதியையும் தனிப் பத்தியில் எழுத வைத்தேன். ஸ்கிரிப்டிலேயே எனக்கு அதிகம் உதவிய பகுதி அந்தப் பத்திதான்.

இரவு பதினொரு மணிக்கு ஓட விட்டதும் தவறு. கிளைகள் எட்டு மணிக்கே மின்சாரத்தை அணைத்துவிடுகின்றன. இப்போது காலை பத்தரைக்கு ஓடுகிறது.

விண்டோஸ் 11 வந்தபோது இன்னொரு குழப்பம். கணினிகளின் நிகழ்வுப் பதிவுகளைப் படிக்கும் என் இரண்டாவது ஸ்கிரிப்ட், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பெயரை நம்பியது. புதிய கணினிகளையும் 'விண்டோஸ் 10' என்றே காட்டியது. ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பெயர் மாறவில்லை, பதிப்பு எண்ணும் 10.0 தான். பில்டு 22000 அல்லது அதற்கு மேல் என்றால்தான் அது 11. அதிலிருந்து நான் பெயரைப் பார்ப்பதே இல்லை. பில்டு எண்ணை மட்டுமே நம்புகிறேன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பட்டியலில் விண்டோஸ் 10-இன் பில்டு எண்ணான 19045 என்று வந்தவற்றை மாற்றத் தொடங்கினோம். குறுவை நேரத்தில் கடைக் கணினியில் கைவைக்க யாரும் விடமாட்டார்கள். மேட்டூர் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும். பதில் சொல்லாத பத்தியில் இன்று இரண்டு பெயர்கள் நிற்கின்றன. ஒன்று வலங்கைமான், நாளைக் காலை பஸ்ஸில் அங்கே போகிறேன்.