சோலார் ஆடியோ பைபிள்: கடலுக்குப் போனவர்களின் வீட்டுக்கு நான் சொல்லும் கருவி

கண் மங்கிப்போன மாமியாருக்காக வாங்கியது, இப்போது வீடே கேட்கிறது. உள்ளங்கையளவு பெட்டி, முதுகில் சின்ன சோலார் தகடு, ஓரத்தில் டார்ச், உள்ளே தமிழ்ப் புதிய ஏற்பாடும் திருப்பாடல்களும். நெட் வேண்டாம், சிம் வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து எங்கள் தூத்தூர் கரையில் காற்று பலத்தால் முதலில் கரண்ட் போகும், அப்புறம் டவர் போகும், செல்போன் சும்மா கிடக்கும்போதும் இது பேசும்.

வாசிக்கும் குரல் நிதானம். பட்டன்கள் மேடாக இருப்பதால் இருட்டிலும் மாமியார் தடவிப் பார்த்தே போட்டுவிடுகிறார். எத்தனையாவது அதிகாரம் என்று காட்டாது, அது ஒரு தொல்லை. உப்புக்காற்றில் சார்ஜ் துளை சீக்கிரம் துருப்பிடிக்கிறது, கவரில் சுற்றி வையுங்கள். மழை நாளில் சோலாரை நம்ப வேண்டாம், புயல் எச்சரிக்கை வந்ததுமே ஒயரில் போட்டு முழுசாக ஏற்றிவிடுங்கள்.

வீட்டுக்காரர் தங்குகடல் போனால் வர வாரக்கணக்காகும். 2017 நவம்பர் 30-ல் ஓக்கி புயல் அடித்ததிலிருந்து, காற்று கொஞ்சம் மாறினாலே இங்கே பெண்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த மாதிரி ராத்திரிகளில் மாற்கு நற்செய்தி 4-ம் அதிகாரத்தை, இயேசு கடலில் புயலை அடக்கும் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் போடுவோம். படகில் இருந்த சீடர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் எல்லாம் கடல் பழகிய மீனவர்கள், அவர்களே நடுங்கினார்கள். காற்று அடங்கியது பிறகுதான், ஆனால் அலை உள்ளே ஏறி அடிக்கும்போதே இயேசு அதே படகில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார், சரி, பயந்தவர்களை விட்டுவிட்டு இறங்கிப் போகவில்லையே. எனக்கு அது போதும். ஓக்கியில் திரும்பி வராதவர்களின் வீடுகள் எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனையோ உண்டு. அவர்களுடைய படகில் அவர் இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம், கடைசி மூச்சுவரை கூடவே இருந்தார் என்றுதான் நான் நம்புகிறேன், அந்த வீட்டு அம்மாமார் பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொல்லும்போதும் அதையே நம்பித்தான் சொல்கிறேன்.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். கடையிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள், கேரள எல்லைப் பக்கம் மலையாளப் பதிவு மட்டும் உள்ளதையும் விற்கிறார்கள்.